மாயவனுக்கு ஒரு இடது கை

மாயவனுக்கு இடது கை இல்லை. வலது கை இருந்தது, அதுவும் முழங்கை வரைதான். திரையைப் பார்த்தபடி ராதிகா நகத்தைக் கடித்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. ஆவணி மாதம். பதினேழு கல்யாணம், நான்கு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. முதலாளி சிவசங்கர், கேமராமேன் அய்யனார், ஆல்பம் வடிவமைக்கும் ராதிகா, மொத்தமே மூன்று பேர்தான். மத்தியானச் சாப்பாட்டை ஒருவர் பின் ஒருவராக நின்றபடியே முடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நெருக்கடியில்தான் வெள்ளிமலையிலிருந்து பெருமாயி பஸ் பிடித்து வந்தாள். அவள் மகள் நர்மதாவின் கல்யாணத்தைப் படம் எடுத்தவர்கள் இவர்கள்தான்.

"பொண்ணு பக்கத்துல அவங்கப்பா நிக்கற மாரி ஒரு படம் வேணும்மா. அவரு இல்லீங்க" என்று புருஷன் மாயவனின் பழைய போட்டோவை நீட்டினாள். திருவிழாக் கூட்டத்தில், இரண்டு தோள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மெலிந்த முகம்.

முடியாது என்று சிவசங்கர் சொல்ல வாயெடுப்பதற்குள் ராதிகா அதை வாங்கிக்கொண்டாள். போன ஆவணியில், யாருடைய ஆல்பத்தையோ முடித்துக் கொடுத்துவிட்டு அவள் தன் ஊரான தியாகதுருகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுடைய அப்பாவின் உயிர் போயிருந்தது. ஸ்டுடியோவில் வேலை பார்த்தும், அப்பாவோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

முதலில் அய்யனாரின் கையைப் படமெடுத்து மாயவனுக்கு ஒட்டினாள்.

"இன்னாண்ணா இது, வாட்ச கழட்டியிருக்கலாம்ல?"

"மாமனார் வூட்டுல போட்டது. கழட்டிக்கினு போனா கேள்வி வரும்."

வாட்ச்சை மென்பொருள் அழித்துக் கொடுத்தது. அழித்த கையோடு ஆறாவதாக ஒரு விரலையும் முளைக்க வைத்தது. விரலை வெட்டிவிட்டு, உடம்புக்காக சிவசங்கரை வேட்டி சட்டையில் நிற்க வைத்தாள். சாமைக் கொல்லையில் உழைத்த மனிதருக்கு முதலாளியின் தொப்பை வந்துவிட்டது. தொப்பையை இறுக்கினால் மண்டபத் தூண் வளைந்தது. தூணை நிமிர்த்தினால் மாப்பிள்ளை ஒரு சாண் வளர்ந்தார்.

எல்லாம் சரியாகி, படத்தை ஆல்பத்தில் வைத்து அச்சுக்கு அனுப்பினாள். அது நர்மதாவின் படமும் அல்ல, ஆல்பமும் அல்ல. அதே மண்டபம், அதே தூண், அதே நிறத்துப் பட்டுப்புடவை. மாயவன் மட்டும் தனியாகக் கிளம்பி நைனார்பாளையத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"யாருங்க இது, எங்க பொண்ணு தோள்ல கை வச்சிக்கினு நிக்கறது? எங்க சொந்தத்துல யாருக்குமே தெரியலியே."

அய்யனார் பதறவில்லை. "சமையல்காரரா இருப்பாருங்க" என்றார்.

மாலையில் மறுபடி போன். சமையல்காரரை வரவழைத்து விசாரித்தார்களாம். தன் ஆளே இல்லை என்று அவர் சூடம் ஏற்றி அடிக்காத குறையாகச் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம்.

சிவசங்கர் நேரில் போய் நடந்ததைச் சொல்லி, புது ஆல்பம் போட்டுத் தர ஒப்புக்கொண்டு திரும்பினார். வந்ததும் ராதிகாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செத்தவர திட்டக் கூடாது. உன்ன திட்டினா வேலைய வுட்டுட்டு போயிடுவ. நான் யாரப் போயி திட்டறது, சொல்லு."

அவள் அழுதாள். அவர் எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தார்.

மாயவனை இந்த முறை நர்மதாவின் பக்கத்திலேயே நிறுத்தினாள். பட்ட பாட்டுக்கு ஈடாக, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை முழுக்க மாயவனுக்கே கொடுப்பது என்று ராதிகா முடிவு செய்தாள். பெரிய படம், மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தேதி. தேதி கேட்கப் பெருமாயிக்குப் போன் போட்டாள்.

"அவரு எப்பம்மா போனாரு?"



"ஒம்போது வருசம் ஆச்சும்மா. வைகாசி அமாவாசைக்கு மறுநாளு. பாதி டீய குடிச்சிட்டு வச்சிட்டாரு. நான் கொல்லையில இருந்தேன். வூட்டுக்கு வந்து பாத்தா, அவ்ளோதான்."

தன் அப்பாவும் அப்படித்தானே, ஒரு வார்த்தை சொல்லாமல். ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய பஞ்சாங்கத்தில் தேதியைத் தேடிப் பிடித்து, அந்தப் படத்துக்குக் கீழே வைத்தாள்.

ஆவணி முடியும் வெள்ளிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். அப்பா தன் பக்கத்தில் நிற்கும் படத்தை நர்மதா நெடுநேரம் பார்த்தாள். விரலால் அந்தச் சட்டையைத் தொட்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பியது பெருமாயி. மாலையைப் பார்த்தாள். தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அழவில்லை.

"ஏதாச்சும் மாத்தணுமாம்மா?" என்று கேட்டாள் ராதிகா.

"வாணாம்மா. சரியாத்தான் போட்டிருக்க. இப்பிடியே இருக்கட்டும்."

ஆல்பத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பெருமாயி படியிறங்கினாள். நர்மதா மட்டும் பின்தங்கி, செல்போனை நீட்டினாள்.

"அக்கா, அந்தக் கடைசிப் பக்கத்த எனக்கு அனுப்பி வுடறீங்களா? அப்பா ஆத்தூர்ல இன்னொரு குடும்பத்தோட இருக்காரு, அவருக்குக் காட்டணும்."