முத்திரை இல்லாத தராசு

சிரஞ்சீவி வெங்கடரமணனுக்கு, மயிலாப்பூரிலிருந்து உன் அத்திம்பேர் வேதாந்தம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. முறையை நான் மீறியதில்லை. க்ஷேமம். உன் அக்கா நீரஜாவுக்குக் குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, அவ்வளவுதான். நீ கோயமுத்தூரை விட்டுக் கிளம்ப வேண்டாம். எதிர்வீட்டு மாளவிகா இக்கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். நேரில் பேசினால் நீ அழுவாய். எனக்கு அதற்கு நேரமில்லை.

விஷயம் இதுதான். அவள் ரத்தத்தில் ஈஸ்ட் வளர்கிறதாம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அதற்குத் தூரத்து உறவு, ஆனால் ஆளைப் படுக்கவைக்கும் சாதி. அதிலும் பல வகை. எந்த வகை என்று பெயர் தெரிந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல முடியுமாம். ஆரிஸ் என்று ஒன்று இருக்கிறது, பாதி மருந்துக்கு மசியாது, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் பரவும், அதுவாக இருந்தால் அவளைத் தனி அறையில் வைத்துவிடுவார்கள், நான் இப்போது போல நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார முடியாது. பெயரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று வார்டு ஊழியர் லாரன்ஸிடம் கேட்டேன். "அதுக்கு ஒரு மெஷின் கீது சார். லேசரால சுட்டு, பறக்கிற தூளை எடை போட்டு, பேரைச் சொல்லிடும்" என்றான். எடை! வெங்கடரமணா, எடையளவு முத்திரை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து, அதிகாரிகளுக்கே தெரியாத விதிகளை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். முத்திரை இல்லாத தராசு சொல்லும் எடை செல்லாது. நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அங்கிருந்த டாக்டர் வஜீஹாவிடம், "இந்த வருஷத்து முத்திரையைக் காட்டுங்கோ" என்றேன்.

"முத்திரையா? எதுக்கு அங்கிள்?"

"எடை போடறேளே, அதுக்கு."

"நாங்க என்ன மிளகாயா விக்கிறோம்?" என்று சிரித்துவிட்டு, "பேர் தெரிஞ்ச கிருமி ஒண்ணை வெச்சு மெஷினைச் சரிபார்ப்போம். அது பேரைச் சரியாச் சொன்னாத்தான் மத்ததை வெப்போம்" என்றார். படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது போலத்தான். ஒப்புக்கொள்ளக்கூடியது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் திரையில் நீரஜாவின் முடிவு வந்தது: பெயர் நிச்சயமில்லை. பார்த்தீர்களா என்றேன். ஈஸ்ட்டுக்குத் தோல் தடிமன், அமிலம் விட்டு உடைத்து மறுபடி வைக்கிறேன் என்று எழுந்தார். மெஷினுக்கு முன்னால் போய் மறித்துக்கொண்டு நின்றேன். லாரன்ஸைக் கூப்பிட்டார்கள். அவன் என் தோளைப் பிடித்து, "இன்னா சார் நீ, பேர் தெரிலன்னா மருந்து எப்டி குடுப்பாங்க? அம்மா பாவம், வா சார்" என்றான். கால் நகரவில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள், அப்படியே நினைக்கட்டும்.

கடைசியில் லாரன்ஸ்தான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். ஆகவே முத்திரைச் சான்று கேட்டு நிர்வாகத்துக்கு மூன்று பக்க மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை எந்தப் பெயரையும் ஏற்பதாக இல்லை. நீ தைரியமாக இரு. வராதே. உன் அகமுடையாளுக்கும் குழந்தை ஸ்நேஹாவுக்கும் என் ஆசீர்வாதம். பெருமாள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வேதாந்தம்

பின்குறிப்பு: மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அமிலம் விட்டு வைத்ததும் மெஷின் சொல்லிவிட்டது. ஆரிஸ். இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். டாக்டர் வஜீஹா முகம் சுளிக்காமல் வைத்தார். அதுவேதான். கேட்கக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறதாம், ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார். தனி அறைக்கு மாற்றியாயிற்று. எனக்குக் கவுன், கையுறை, மாஸ்க் எல்லாம் மாட்டி அரை மணி உள்ளே விட்டார்கள். நீரஜா கண்ணைத் திறந்து, "டாக்டரா? எங்காத்துக்காரர் வெளியில யாரோடயாவது சண்டை போட்டுண்டிருப்பார். பயந்தா அவர் அப்படித்தான். அவர்கிட்ட மெதுவாச் சொல்லுங்கோ" என்றாள். "சொல்றேம்மா" என்றேன்.

கிடைக்கிற முதல் வண்டியில் கிளம்பி வா.