வாளியர் மழைக்குக் காத்த மீன்கள்

மன்னார்த் தீவில் மீனுக்குக் குடிதண்ணீர் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் வாளியர்தான்.

உப்புக்குளத்தில் பிலோமினாக்கா வீட்டில் நாங்கள் சில பேர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வாளியர் நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் படம் வரைகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். விசாரிக்க எங்கே நேரம்? காலையில் எழும்பினால் குளிக்க வாளி தேடுவதே எங்களுக்கு வேலை. எல்லா வாளியிலும் அவருடைய மீன்.

அதுவும் என்ன மீன்! சுண்டுவிரலில் பாதி, விலாவில் ஒரு நீலக் கீற்று. நறுவிலிக்குளத்துப் பக்கம், மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஒரு மோட்டையில் மட்டும்தான் அந்தச் சாதி மிஞ்சியிருக்கிறது என்பார். கோடையிலும் தண்ணீர் நிற்கிற நடுப்பள்ளத்தை யாரோ மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதனால் வற்றும் முன் அள்ளிக்கொண்டு வந்து மழை வரைக்கும் வைத்திருப்பார். பஸ்ஸில் வாளி சீட்டில் இருக்கும், அவர் நின்றுகொண்டு வருவார். கொண்டக்டர் முறைத்தால், "அதுக்கும் டிக்கெட் எடுத்தனான்" என்பார். எங்கள் கிணறு உவர், குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து. மீனுக்குக் கடைத் தண்ணீர் வாங்கிவிட்டு, தான் உவர்த் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளிப்பார்.

ஒருமுறை கந்தோர் வேலையாக வவுனியாவுக்குப் போனவர், மீன்களைப் பிலோமினாக்காவிடம் ஒப்படைத்தார். அக்கா கடற்தொழில் குடும்பம். பாசி பிடித்த தண்ணீரைப் பார்த்து மனம் பொறுக்காமல், அதை ஊற்றிவிட்டுச் சுத்தமான கடல் தண்ணீர் அள்ளி வந்து நிரப்பினார். முழங்கால் நோவில் குசினிக்குப் பின்னால் இருந்த ஒரு வாளியை மட்டும் விட்டுவிட்டார். பின்னேரம் மற்ற வாளிகளில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

வாளியர் வந்ததும் அக்கா அழுதுவிட்டார். "நல்ல தண்ணியெண்டுதான் தம்பி ஊத்தினனான்."

அவர் வாளிகளுக்கு நடுவில் குந்தி, மிதந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் அள்ளினார். பிறகு, "உங்கட பிள்ளையளுக்குச் செய்யிற மாதிரித்தான் செய்திருக்கிறியள். அழாதேங்கோ அக்கா" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு மிஞ்சிய வாளிக்கு அக்காதான் காவல். காகம் வந்தால் குடையோடு ஓடுவார். செபமாலையில் எங்களுக்காக மன்றாடும் முன் மீன்களுக்காக மன்றாடுவார்.

மழை வந்தது. எல்லோருமாகப் பஸ் ஏறிப் போனோம். வாளியைச் சரித்து, விருந்தாளிகளை வழியனுப்புவதுபோல, "போட்டு வாங்கோ" என்றார் வாளியர். போனவை பெருகின.

பிறகு அவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். மாரி பிறந்தால் எனக்கு அழைப்பு வரும். சுகம் விசாரிக்க மாட்டார். "மழை பெஞ்சதோ? மீன் நிக்குதோ?" அவ்வளவுதான். போன கோடையில் அங்கேயே காலமானார்.

அக்கா வீட்டில் இப்போதும் கோடையில் குளிக்க வாளி கிடையாது. இந்த மாரிக்கும் அக்காவுடன் மோட்டைக்குப் போய் மீன்களை விட்டேன். நீலக் கீற்றுகள் தண்ணீருக்குள் மினுங்கி மறைந்தன. அழைப்பு வராது என்று தெரிந்தும் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நல்ல மழை அண்ணை. மீன் நிக்குது. கேட்க நீங்கள் இல்லாத மழைதான் எனக்குப் பிடிக்கவில்லை.