கண்ணாடியைக் கழட்டிய மாறுவேட மாஸ்டர்

சிவகாசி முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பரம ரகசியமென்று கடைசி வரை நம்பிய ஒரே மனிதர் எங்கள் மாறுவேட மாஸ்டர்தான்.

பகலில் அவர் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். சாயங்காலம், நான் ஆர்டர் குமாஸ்தாவாக இருந்த அச்சாபீசில் பட்டாசு லேபிளுக்குப் படம் போடுவார். கிறிஸ்தவப் பள்ளி வாத்தியார் முருகன் படம் போடுவது பாதிரியாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் தலையில் முண்டாசு, ஒட்டுமீசை, பொன்னுச்சாமி என்று பெயர். எதிர் டீக்கடைக்காரர், "மாஸ்டர், மீசை கோணலா இருக்கு" என்பார். "எந்த மாஸ்டர்?" என்று முறைத்துவிட்டு உள்ளே வருவார் இவர்.

ஒருநாள் அந்த மீசை ஈர மையில் விழுந்தது. லேபிளில் மத்தாப்பு பிடித்த பெண்குழந்தை மீசையோடு அச்சாகி வந்தது. முதலாளியிடம் ஏச்சு வாங்கினது நான்.

அந்தச் சீசனில்தான் பம்பாய் வியாபாரி ஒருவர் வெளிநாட்டுப் படக்கதைப் புத்தகத்தை அனுப்பி, அதேமாதிரி பறக்கும் வீரன் ஒருவனை ராக்கெட் லேபிளுக்குக் கேட்டார். மாஸ்டர் வரையாமல் படித்துக்கொண்டே இருந்தார்.

"பெத்தவக பிள்ளையைப் பெட்டியில வச்சு அனுப்பிட்டாக. வேற யாரோ வளத்தாக. இது எங்க பைபிள்ல வர்ற மோசே கதைல்லா!"

"பெட்டியில வச்சு ஆத்துல விட்டது கர்ணனை. சீக்கிரம் போடுங்க மாஸ்டர், லோடு போகணும்."

"கர்ணன் பறந்தானா?"

"மோசே மட்டும் பறந்தாரா?"

கடைசியில், மோசேயின் தாடியும் கர்ணனின் குண்டலமுமாக ஒருவன் பறந்தான். வியாபாரி கோபமாகத் தந்தி அடித்தார். மறுபடி வரைந்தோம்.

அதைவிடப் பெரிய வினை ஒன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. வீரன் மற்ற நேரத்தில் கண்ணாடி போட்ட சாது. கண்ணாடியைக் கழட்டினால், உடன் வேலை பார்ப்பவர்களுக்கே அடையாளம் தெரியாது.

"பாத்தீகளா! இம்புட்டு நாளா இந்த மீசையைக் கட்டிக்கிட்டு அழுதேனே!"

மறுநாளிலிருந்து மீசையை விட்டுவிட்டு, தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழட்டிவிட்டார். அது இல்லாமல் ஒரு முழத்துக்கு மேல் அவருக்கு எல்லாமே புகை. மூக்கு காகிதத்தில் படக் குனிந்து வரைவார்; மூக்கு நுனியில் எப்போதும் நீல மை. அச்சு மிஷினுக்கு "வணக்கம் முதலாளி" சொல்வார். தூரிகை கழுவின தண்ணீரை டீ என்று குடித்தார். அவரைக் கைபிடித்து உட்காரவைப்பதும் என் உத்தியோகத்தில் சேர்ந்தது.

ஒரு சாயங்காலம், சபைக் காலண்டர் அடிக்கப் பாதிரியாரே வந்துவிட்டார். நான் எழுவதற்குள் நேராக மாஸ்டர் முன்னால் போய் நின்றார். மிஷின் இரைச்சலில் குரலும் மாஸ்டருக்குப் பிடிபடவில்லை.

"உங்க பேரு என்ன?"

"பொன்னுச்சாமிங்க. காலண்டர் பார்ட்டியா? வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

 பாதிரியார் நகர்ந்து நின்று, மாஸ்டர் வரைந்துகொண்டிருந்த முருகனின் மயிலை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு பொன்னுச்சாமி. இறகுல இன்னும் கொஞ்சம் பச்சை வேணும்."

"உங்களுக்குப் படம் பாக்கத் தெரியுது. எங்க பாதிரியார் இருக்காரே..."

நான் பலமாக இருமினேன்.

வாசல் வரை கூடவே போனேன். "பள்ளிக்கூடத்துல மாம்பழமும் பானையுமே வரைய வச்சு இந்த மனுசனைச் சாகடிச்சிருக்கோம்" என்றார் பாதிரியார் மெதுவாக. "நான் யாருன்னு சொல்லிராதீக. பயந்து நிறுத்திருவாரு."

உள்ளே வந்ததும் மாஸ்டர் கிசுகிசுத்தார். "வந்தவக என்னை அடையாளம் கண்டிருப்பாகளோ?"

"உங்களையா? பெத்த தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது மாஸ்டர்."

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பச்சையைக் குழைக்க ஆரம்பித்தார். நான் விளக்கை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.