வெட்டித் தண்டுகள்

“பூத்துக் குலுங்குது சம்பந்தி! பாக்க ரெண்டு கண்ணு பத்தல!”

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் பெரியவர் தோட்டத்துப் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே அந்த நீல லில்லிச் செடி, வெங்காயத்தாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வெறும் இலையோடு நின்றது. பூ மருந்துக்கும் கிடையாது.

“என்ன சொன்னார்?” என்றாள் மனைவி.

“வர்ற மாசம் முதல் ஞாயிறு நேர்ல வந்து பாக்கறாராம்.”

“வரட்டும். பூக்கலைன்னு சொல்லிடுங்க.”

“எது? நானா? அவர்கிட்டயா?”

மகள் கல்யாணத்தன்று சம்பந்தி தன் தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்த செடி அது. “எங்க வீட்ல வருஷம் தவறாம பூக்கும். உங்க வீட்டு மண்ணு எப்படியோ!” என்று ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். மண்டபத்துக்கே கேட்டது. அந்தச் சிரிப்புக்கு மூன்று வருடமாகப் பதில் கொடுக்க முடியாமல் பெரியவர் புழுங்கிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து நாற்பது குமாஸ்தாக்களை நிமிர்த்தியவர். கேவலம் ஒரு செடி அவருக்கு எம்மாத்திரம்? யாரிடமாவது யோசனை கேட்டிருக்கலாம்தான். ஆனால் அது அந்தப் பரம்பரையில் வழக்கமில்லை.

முதலில் சலுகை. ஒரு மூட்டை உரத்தைக் கொட்டினார். செடி தின்று கொழுத்தது. இலைகள் இடுப்பு பெல்ட் அகலத்துக்கு வந்தன. கூடவே, நடுவிலிருந்து இலையே இல்லாத மொட்டைத் தண்டுகள் நெடுநெடுவென்று கிளம்பின, நுனியில் ஆளுக்கொரு பச்சை மூக்கோடு.

பெரியவருக்கு அந்த ரகத்தை நன்றாகத் தெரியும். எல்லா அலுவலகத்திலும் உண்டு. இலை சுமக்காது, நிழல் தராது, தலையை மட்டும் மற்றவர்களைவிட ஒரு முழம் உயர்த்தி வைத்துக்கொள்ளும்.

“வெட்டித் தண்டு! போட்டதையெல்லாம் இதுங்களே முழுங்கிட்டா பூ எங்கேர்ந்து வரும்?”

நறுக், நறுக்கென்று கத்தரித்துத் தள்ளினார். வருஷாவருஷம் செய்கிற களையெடுப்புதான். உரத்தின் புண்ணியத்தில் இந்த வருஷம் தண்டு அதிகம்.

“இதுங்களைக் கண்ணுல படாத இடத்துல போடு.”

மனைவி வாரிக்கொண்டு போய், பின்பக்கக் குழாயடியில் சொட்டு நீர் பிடிக்கிற பழைய வாளியில் செருகிவிட்டு வந்தாள்.

சலுகைக்கு மசியாதவனை என்ன செய்வது? இடமாற்றம். மர நிழலிலிருந்த செடியை வேரோடு தோண்டி, உச்சி வெயில் விழும் மதிலோரம் நட்டார். இரண்டே நாளில் செடி மெடிக்கல் லீவு போட்டவன் மாதிரி படுத்துவிட்டது. அந்த நிலையிலும் ஒரு வெட்டித் தண்டு தலை தூக்கியது. அதற்கும் கத்தரி.

“என்னங்க, பின்னாடி அந்த வாளியை ஒரு நடை வந்து பாருங்களேன்.”

“குப்பையைப் பாக்கறதுதான் இப்ப எனக்கு வேலையா?”

“இல்லைங்க, அதுல…”

“நிறைஞ்சிருந்தா வேற வாளி வை!”

மனைவி உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பேச்சை அவர் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. அவளும் எதையும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. அப்படித்தான் அந்தக் குடித்தனம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பெரியவர் ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் பூவோடு வந்தார். நீலத்தில் லில்லி இல்லை, ரோஜாதான் இருந்தது. இதழ்மேல் ஒட்டவைத்த பனித்துளி வேறு. அதைப் பிய்த்துக் கலைத்து, குச்சியில் சுற்றி, படுத்திருந்த இலைகளை நூலால் தூக்கி நிறுத்தி, மொத்தத்தையும் இறுக்கிக் கட்டினார். முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. மானத்துக்கு முன்னால் முழங்கால் எந்த மூலைக்கு?

ஞாயிறு காலை சம்பந்தி காரை விட்டு இறங்கியதும் நேராக மதிலோரம் வந்தார். குனிந்தார். மூக்கை நீட்டினார்.

“கிட்டப் போகாதீங்க சம்பந்தி! மருந்து அடிச்சிருக்கு!”

“அப்படியா? இந்த வெயில்லயும் பனித்துளி காயாம நிக்குதே?”

“எங்க வீட்டு மண்ணோட ஈரம் அப்படி!” பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

சம்பந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒத்துக்கறேன் சம்பந்தி. எங்க வீட்லகூட இப்படிப் பூத்ததில்ல.”

மூன்று வருடப் புழுக்கமும் அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்தது. பெரியவர் ஒரு அங்குலம் வளர்ந்தே விட்டார்.

அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து சம்பந்தியின் டிரைவர் வந்தார். ஒரு கையில் ரேடியேட்டருக்குப் பிடித்த தண்ணீர். மறு கையில் ஒரு நீளமான தண்டு. அதன் உச்சியில் குடை விரித்த மாதிரி நீலப் பூங்கொத்து. அடியில் சுத்தமான கத்தரி வெட்டு.

“ஐயா, குழாயடி வாளியில இதுமாதிரி முப்பது தண்டு பூத்துக் குலுங்குது. இவ்வளவு நிஜப் பூவையும் வெட்டிக் கடாசிட்டு, இங்க எதுக்குப் பிளாஸ்டிக்கை நூல்ல கட்டி வச்சிருக்காங்க?”