குழாயில் கேட்ட மருந்து

ஒரு காட்டில் கொசுக்கள் மட்டும் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்துவந்தன. மற்ற எல்லோருக்கும் மலேரியா.

அங்கே முனைவர் ஆந்தையார் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். கசப்பங்கொடியின் சாற்றுக்கு மலேரியாக் கிருமியையும் புற்றுநோய்க் கட்டியையும் அழிக்கும் ஆற்றல் இருக்கலாம் என்று ஒருநாள் அறிவித்தார். செய்தி வாசிக்கும் கிளி, ‘இருக்கலாம்’ என்பதை மட்டும் விழுங்கிவிட்டது. நல்ல செய்தியை அது ஏன் கெடுக்க வேண்டும்?

பொன்னுத்தாய் என்ற மூஞ்சூறு, குளிர்காய்ச்சலில் வெடவெடத்துக்கொண்டிருந்த புருஷன் வேலாண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தது.

“ஐயா, அந்த மருந்தக் குடுங்க. இவர விட்டா எனக்கு நாதியில்ல.”

“அவசரப்படக் கூடாதம்மா. சோதனைக் குழாயில்தான் மருந்து கேட்டிருக்கிறது. உடம்புக்குள் கேட்குமா என்று பார்க்க இன்னும் பல கட்டங்கள் இருக்கின்றன.”

“அதுவரைக்கும் இவரு இருப்பாரா?”

“அது என் துறை இல்லை.”

பொன்னுத்தாய் யோசித்தது. “குழாய்க்குள்ளன்னா கட்டாயம் கேக்குமில்ல?”

“அதில் சந்தேகமே கிடையாது.”

“அப்ப இவரையே குழாய்க்குள்ள விட்டுருங்க.”

ஆந்தையாருக்குப் புல்லரித்தது. உடம்புக்குள் மருந்தை எப்படி அனுப்புவது என்றுதான் இத்தனை காலமும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மருந்துக்குள் உடம்பை அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதற்குத்தான் பொதுமக்களோடு பழக வேண்டும் என்பது.

வேலாண்டி மூக்கை முதலில் நுழைத்து, மெல்ல உடம்பையும் நுழைத்துக்கொண்டது. நடுங்கிய நடுக்கத்தில் கண்ணாடி கிணுகிணுத்தது. சாற்றை விளிம்புவரை ஊற்றப் போனார் ஆந்தையார்.

“மூடியும் போடணுங்களா?” என்று உள்ளேயிருந்து கேட்டது வேலாண்டி.

“மூடி இல்லாத ஆராய்ச்சியை வெளிநாட்டில் மதிக்க மாட்டார்கள்.”

மறுநாள் காலையில் ஆந்தையார் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சிறகடித்தார். “ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை.”

“இவரு?”

“காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறார்.”

பொன்னுத்தாய் தொட்டுப் பார்த்தது. பிறகு அங்கேயே விழுந்து அழுதது. அதை ஆந்தையார் பக்கவிளைவு என்று குறித்துக்கொண்டார்.

அதற்குள் கிளி வெற்றிச் செய்தியைக் காடெங்கும் பரப்பியிருந்தது. கழுத்தில் கட்டியோடு ஒரு யானை வாசலில் வந்து பணிவாக நின்றது.

“எனக்குத் தோதா பெரிய குழாய் இருக்குங்களா?”

நீதி: எல்லா மருந்தும் நோயைத் தீர்க்கும்; பிழைத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் நோயாளிகளால்தான் ஆராய்ச்சி தாமதமாகிறது.