கிணற்றடி மாடத்துக் கரும்பொடிப் படலம்

வாழ்க, ஊரப்பாக்கத்துத் தணிகாசலம்! ஒரு பல்லும் உதிராக் கோமான், தங்கை வீட்டு நாஸ்தாவை நாள்தோறும் தனித்து நின்று வென்ற தீரன், அவன் புகழைச் சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்றும் சற்றே அடங்கிக் கேட்கட்டும்!

அவன் தங்கை செங்கம்மாளின் கணவன், சதுரங்கப்பட்டினத்து வரதனோ, எழுபத்து நாலாம் ஆண்டின் யூரியாப் பஞ்சத்தில் கடைதோறும் நின்று வெறுங்கையோடு மீண்டு, சவுக்கு வெட்டிய மணல் நிலத்தில் முதன்முதலாக வேர்க்கடலை போடத் துணிந்தவன். விளைச்சல் தவறினால் உழவுமாடு இரண்டும் சந்தைக்குப் போகும்.

அவனுக்குத் துணையாக விவசாய ஆபீசில் தந்தது ஒரு பொட்டலம் கரும்பொடி. அதனுள்ளே, வேரின் தூவி வழியே கோட்டை புகுந்து, முடிச்சு முடிச்சாகப் பாசறை அமைத்து, செடி ஊட்டும் சர்க்கரையை உண்டு, காற்றிலே இணைபிரியா இரட்டையராய்த் திரியும் நைட்ரஜனைப் பிடித்துப் பிளந்து, அம்மோனியாவாக்கிச் செடிக்கே திறை செலுத்தும் கோடானுகோடி நுண்ணுயிர் மறவர் பாளையமிறங்கியிருந்தனர். கஞ்சியில் குழைத்து விதைக்குப் பூசவேண்டிய அச்சேனையை, வெயில் படாதிருக்க, வரதன் கிணற்றடி மாடத்தில் வைத்தான்.

கிணற்றடி மாடத்தில் கரும்பொடி இருந்தால் மனிதன் என்னவென்று நினைப்பான்? தணிகாசலம் விடியல்தோறும் சுட்டுவிரலாகிய வேலை ஏந்தி, அப்பெரும்படையைக் கடைவாய் ஈறாகத் தேய்த்து, கொப்பளித்து, வேலியோரப் பாத்தியில் உமிழ்ந்தான். விதைப்பு நாளன்று பொட்டலம் காலி.

“மச்சான், மாடத்துல இருந்த பொடி இன்னா ஆச்சு?”

“நல்ல பொடி மாப்ளே. தீந்துபோச்சு, வேற வாங்கி வை.”

அன்றோடு வரதன் மச்சானிடம் பேச்சை நிறுத்தினான். ஆபீசிலும் வேறு பொட்டலம் இல்லாமல் போக, வெறும் விதையே மண்ணில் விழுந்தது. முளைத்த கடலையோ காமாலை கண்டதுபோல் வெளுத்து நின்றது. மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் வரதனுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானும் தன் ஊருக்குக் கிளம்பியபாடில்லை. ஒருநாள் செங்கம்மாள் வேலியோரத்திலிருந்து கூவினாள்.

“யோவ், இங்க வந்து பாரு! அண்ணாத்த துப்பின பாத்தி மட்டும் கரும்பச்சையா கீது!”

வரதன் ஒரு செடியைப் பிடுங்கினான். வேரெங்கும் முடிச்சுகள், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. பல்லிடைப் பெரும்போரில் மாண்டோர் போக, மண்ணில் வீழ்ந்து உயிர்தரித்த மிச்சப் படை, தன் கடமையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அவ்வெற்றிச் சேனையை ஏனைய பாத்திகளின் மேலும் ஏவுதற்கு வழி ஒன்றே இருந்தது. முரசு அதிரவில்லை; சங்கு முழங்கவில்லை; தணிகாசலம் மட்டும் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மச்சான் துப்பிய மண்ணை வரதன் கூடையில் அள்ளிக்கொண்டு போய் மற்றப் பாத்திகளில் போட்டான்.