யௌவனானந்த சாமியின் வயது குறைக்கும் தைலம்

1979இல் மலேசியாவின் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு ஒரு தைலம் வந்து இறங்கியது. தேய்த்தால் வயது குறையுமாம். லகாட்டிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள், மனைவிக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டு.

தைலக்காரர் யௌவனானந்த சாமி. ஒரு வார இதழின் தொடர்கதை நாயகி மதுராங்கி கற்பனை அல்ல, தம் சிஷ்யை என்றார். கூட்டம் நம்பியது. ஏன் நம்பாது? கதை ஒன்பது வருடமாக ஓடுகிறது. அவளுக்கு இன்னும் பதினெட்டுதான்.

முன்வரிசையில் இருளாயி. இருபத்தைந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றதும் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டாள். முதலாளி முகத்தைப் பார்த்தார். "சின்னப் பிள்ளைங்கதான் வேணும்" என்றார். அன்றிலிருந்து அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. இப்போது தாய் கொடுத்த கம்மலைக் கழற்றிச் சாமியின் தட்டில் வைத்துவிட்டாள்.

பக்கத்தில் அவள் தோழி நவமணி, கிளினிக்கில் காயத்துக்கு மருந்து கட்டுபவள்.

தினமும் ஒரு கிழவி திரைக்குப் பின்னால் போவாள். சாமி மந்திரம் முணுமுணுப்பார். இளம்பெண் வெளியே வருவாள். கூட்டம் கும்பிடும். அன்று கிழவி மேடையேறும்போது நவமணி அவள் கையைப் பிடித்தாள்.

"சிராய்ப்பு இருக்கு பாட்டி, மருந்து போடுறேன்."

உள்ளங்கை முழுக்க ஊதா மருந்து. பிறகு மந்திரம். இளம்பெண் வந்தாள். இரண்டு கையும் துப்புரவாக இருந்தன.

"சாமி, அந்த ஊதா ஒரு வாரம் தேச்சாலும் போவாது லா. எங்க போச்சு?"

"சுருக்கமே போகும்போது சாயம் போகாதா, மகளே?"

"போவட்டும். உள்ள பாத்துட்டு வாரேன்."

சாமி எழுவதற்குள் திரையை இழுத்தாள். கிழவி ஊதாக் கையால் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ என் மவ," என்றாள் கிழவி, பயத்தில்.

பின்வாசலுக்கு நழுவிய சாமியைக் கூட்டம் மறித்தது. புட்டியில் இருந்தது தேங்காயெண்ணெயும் வாசனைப் பவுடரும்.

இருளாயி கம்மலை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு இந்த மூஞ்சியோடயே வேற கடையில கேக்கப் போறேன். நீயும் வா நவமணி."

"வாரேன்."

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, மிச்சப் புட்டி சும்மா கெடைக்குமா?"

தாயே, கழுத்துக்கு மேலே முகம் மட்டும் இல்லை; மூளையும் இருக்கிறது. அதையும் ஒருநாள் தேய்த்துப் பாருங்கள், செலவே இல்லை.